கதிரியக்க அயோடின் சிகிச்சை: சேலம், ஏற்காட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, "அடுத்து ரேடியோ அயோடின்" என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் மனைவிக்கு அந்தச் சீட்டு வந்தபோது ஏற்காட்டில் எங்களுக்கு விவரம் சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மாத்திரையை விழுங்க அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்பும் பின்பும் உள்ள வாரங்களில்தான் வேலையெல்லாம் இருக்கிறது.

மருந்தின் அளவையும் தேதியையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். நான் சொல்வது அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும்.

1. மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவமனையில் செய்யக்கூடியவை, கூடாதவை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளில் இல்லாத கேள்விகள்தான் எழும். மருந்து வாங்கியவர் உட்கார்ந்த நாற்காலியில் பிள்ளை உட்காரலாமா? அவர் தொட்ட ரூபாய் நோட்டைக் கடைக்காரரிடம் கொடுக்கலாமா? அடிப்படை புரிந்திருந்தால் இவற்றுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

சில அணுக்களின் கரு நிலையற்றது. அது கதிர்களை உமிழ்ந்து வேறொரு அணுவாக மாறும். இதுதான் கதிரியக்கம். உமிழப்படும் கதிர்களில் முக்கியமானவை மூன்று.

ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கனமான துகள். காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். உடலுக்கு உள்ளே போனால்தான் ஆபத்து. உங்கள் மாத்திரையில் ஆல்ஃபா இல்லை, அதை மறந்துவிடலாம்.

பீட்டா என்பது கருவிலிருந்து வேகமாக வெளியேறும் எலக்ட்ரான். சிகிச்சை செய்வது இதுதான். மாத்திரையில் இருக்கும் கதிரியக்க அயோடினுக்கு அயோடின்-131 என்று பெயர். அது வெளியிடும் பீட்டா உடல் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் தூரமே போகும். தைராய்டு செல்கள் அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. அறுவை சிகிச்சையில் எடுக்க முடியாமல் தங்கிய செல்கள் இந்த அயோடினையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன பீட்டா அந்தச் செல்களை அழித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

காமா என்பது ஒளியைப் போன்ற அலை, ஆனால் ஆற்றல் மிக அதிகம். உடலை ஊடுருவி வெளியே வந்துவிடும். ஸ்கேன் கருவி உடலில் அயோடின் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது இதை வைத்துத்தான். பக்கத்தில் இருப்பவர் மேல் படுவதும் இதுதான்.

அடுத்தது மிக முக்கியம். கதிர் வேறு, கதிரை உமிழும் பொருள் வேறு. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் சுவரில் படுகிறது. விளக்கை எடுத்துப் போய்விட்டால் சுவர் ஒளிராது. ஆனால் விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்தால்தான் போகும். அவர் உடலிலிருந்து வரும் காமா உங்கள் மேல் பட்டால் நீங்கள் கதிரியக்கப் பொருளாக மாறிவிட மாட்டீர்கள். நாற்காலியும் சுவரும் மாறாது. சிறுநீர், உமிழ்நீர், வியர்வை, வாந்தி ஆகியவற்றோடு வெளியே வரும் அயோடின்தான் சிந்திய எண்ணெய். காமாவுக்கு மருந்து தூரமும் நேரமும். சிந்திய அயோடினுக்கு மருந்து தண்ணீரும் சோப்பும். வீட்டில் எழும் எந்தக் கேள்வியையும் இந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடலாம். நாற்காலியைத் துடைத்தால் போதும். ரூபாய் நோட்டுக்குக் கை கழுவியிருந்தால் போதும்.

மிச்சம் இருப்பது காலக்கணக்கு. அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், இருபத்து நாலு நாளில் அரைக்கால். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவும் ஒரு டப்பாவில் பூட்டி வைத்தால்தான் இந்தக் கணக்கு. உடலில் இருந்தால் சிறுநீரகம் வேலையைச் சுருக்கிவிடும். தைராய்டு எடுக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு நாளிலேயே பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். சிதைந்த அயோடின் செனான் என்ற வாயுவாகிறது. அது கதிரியக்கம் இல்லாதது.

2. தேதி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கடந்த இரண்டு மாதத்தில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா? இதை நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஸ்கேனுக்காக ஏற்றும் அந்த மருந்தில் சாதாரண அயோடின் மிக அதிகம். செல்கள் அதைக் குடித்து நிறைந்திருந்தால் கதிரியக்க அயோடினை வாங்கிக்கொள்ளாது. என் மனைவிக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு இடத்தில் அப்படி ஸ்கேன் எடுத்தார்கள். இதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அயோடினுக்கான முதல் தேதி தள்ளிப்போனது அதனால்தான். இதயத்துடிப்புக்கு அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அதன் தாக்கம் பல மாதம் நீடிக்கும். புண்ணுக்குப் போடும் பெட்டாடைன், அதே பெயரில் வரும் வாய் கொப்பளிக்கும் மருந்து இரண்டிலும் அயோடின் உண்டு.

தைராய்டு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். பொதுவாக 3 முதல் 4 வாரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு 30ஐத் தாண்டினால்தான் செல்கள் அயோடினை நன்றாக இழுக்கும். அந்த வாரங்கள் கடினமானவை: சோர்வு, முக வீக்கம், மலச்சிக்கல், தாங்க முடியாத குளிர். சேலத்து வெயிலில் இருப்பவர் சமாளித்துவிடலாம். மார்கழியில் ஏற்காட்டில் இருப்பவர் பாடு வேறு. எதிர்வினையும் மந்தமாகும் என்பதால் அந்த நாட்களில் மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடாதீர்கள். மாத்திரையை நிறுத்தாமலே டி.எஸ்.எச். அளவை உயர்த்தும் ஊசி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவது, விலை மிக அதிகம். இதய நோய் உள்ளவர்கள் அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கால்சியம் மாத்திரையைச் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.

கர்ப்பமாக இருந்தால் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. கர்ப்பப் பரிசோதனை கேட்பார்கள், சங்கடப்பட வேண்டாம். பால் கொடுக்கும் தாயானால் ஆறு வாரமாவது முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவும் கூடாது. சிகிச்சைக்குப் பின் பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆண்களுக்கும் சில மாதக் கட்டுப்பாடு உண்டு.

தேதி கிடைத்துவிட்டால் அதை மாற்றாதீர்கள். இந்த அயோடின் அணு உலையில் தயாராகிறது. உங்கள் பெயரில், அந்த நாளுக்கான அளவு கணக்கிட்டு வரவழைக்கப்படுகிறது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நூற்றுக்கு எட்டுப் பங்கு வீதம் வீரியம் குறையும். வராமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பணம் கட்டும்போதே கேளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அறுவை சிகிச்சை ஒரு ஊரிலும் அயோடின் இன்னொரு ஊரிலும் என்றால் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும். சேலத்திலிருந்து இதற்காக வேலூர், கோயம்புத்தூர், சென்னை என்று போகிறவர்கள் அதிகம். ஒரு தாளுக்காகத் திரும்பி வருவது பெரிய அலைச்சல்.

- திசுப் பரிசோதனை அறிக்கை. இதை வைத்துத்தான் எத்தனை மில்லிகியூரி (கதிரியக்க மருந்தை அளக்கும் அலகு) என்று முடிவு செய்வார்கள். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுவில் பரவியிருக்கிறதா என்ற விவரம் இருக்கும் முழு அறிக்கை வேண்டும். ஒரு வரிச் சுருக்கம் போதாது.
- அறுவை சிகிச்சை செய்த இடத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி.
- டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின், அதற்கான எதிர்ப்பொருள், கால்சியம், கிரியேட்டினின், ரத்த அணுக்கள் ஆகிய பரிசோதனை முடிவுகள்.
- கழுத்து ஸ்கேன் அறிக்கை. சி.டி. எடுத்திருந்தால் தேதியோடு அதன் அறிக்கை.
- ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும்.

திசுப் பரிசோதனை செய்த கண்ணாடித் தகடுகளையும் சில இடங்களில் மறுபடி பார்க்கக் கேட்பார்கள். அதை வாங்கி வைப்பது நல்லது. அசல் எதையும் எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்.

4. பணம்

செலவு மருந்தின் அளவைப் பொறுத்தது. 30 மில்லிகியூரிக்கும் 150 மில்லிகியூரிக்கும் ஒரே கட்டணம் இருக்காது. மருந்தின் விலை, தனியறை வாடகை, சிகிச்சைக்குப் பிந்தைய உடல் முழுவதற்குமான ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் என்று நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "மொத்தமாக இவ்வளவு" என்று வாயால் சொல்வதில் ஸ்கேன் சேர்ந்திருக்காமல் போகலாம். இதற்கு மேல் வாடகைக் காருக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை போய் வரும். அறுவை சிகிச்சை முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலும்கூட எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது, "அயோடின் சிகிச்சைக்கு இங்கே அட்டை செல்லுமா?" என்று அந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, முன் அனுமதி வந்த பிறகே மருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தனியார் காப்பீடு என்றால், ஒரு நாள்கூடத் தங்காமல் வாங்கும் சிறிய அளவு மருந்துக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. அயோடின் குறைந்த சாப்பாடு

ஒன்று அல்லது இரண்டு வாரம். செல்களைப் பட்டினி போடுவதற்காக இது. அயோடின் சேர்த்த உப்பு, கடல் மீன், கருவாடு, இறால், கடல்பாசி, பால், தயிர், முட்டையின் மஞ்சள் கரு, பேக்கரிப் பண்டம் எதுவும் கூடாது. ஹோட்டல் சாப்பாடும் கடை ஊறுகாயும் கூடாது; அங்கே என்ன உப்பு போட்டார்கள் என்று தெரியாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகும்போது தட்டுவடை செட் கண்ணில் படும், தாண்டிப் போய்விடுங்கள்.

சோறு, பருப்பு, காய்கறி, பழம், வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் சாப்பிடலாம். நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. தண்ணீரில் வெல்லம் சேர்த்துக் கஞ்சியாகக் குடிக்கலாம். காப்பியைக் கடுங்காப்பியாகக் குடிக்கலாம். உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் அயோடின் சேர்க்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்பு என்றாலே அயோடின் இல்லாதது என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். அதிலும் சேர்த்து விற்கிறார்கள்.

6. தனியறை

30 மில்லிகியூரிக்கு மேல் கொடுத்தால் நம் நாட்டில் தனியறையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். துணைக்கு ஆள் இருக்க முடியாது. பழைய உடைகள், பழைய செருப்பு, பிளாஸ்டிக் உறையில் போட்ட போன் ஆகியவை போதும். அங்கே கழற்றிப் போடும் எதையும் திரும்பக் கொண்டுவர விடமாட்டார்கள் என்று நினைத்தே எடுத்துப் போங்கள்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழித்து, இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். அந்தச் சிறுநீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. வீரியம் குறையும் வரை தொட்டியில் தேக்கி வைப்பார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் அயோடின் போகும் என்பதால் உமிழ்நீரை ஊற வைக்கும் எலுமிச்சை மிட்டாயை எப்போது தொடங்கலாம் என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். தனிமைதான் கஷ்டம். என் மனைவி இரவில் போனில் பேசிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் அழைத்துக்கொண்டே இருந்தால் அது பெரிய உதவி.

7. வீடு திரும்பும் பயணம்

யாரும் சரியாகச் சொல்லித்தராத படி இதுதான்.

ஒரு மீட்டர் தூரத்தில் அளவுக் கருவி மணிக்கு 50 மைக்ரோசீவர்ட்டுக்கு (உடல் மேல் படும் கதிரை அளக்கும் அலகு) கீழே காட்டினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட கூடுதல் அளவு 1 மில்லிசீவர்ட், அதாவது 1,000 மைக்ரோசீவர்ட். உச்ச அளவிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் 20 மணி நேரம் உட்கார்ந்தால் அந்த ஆண்டு முழுவதற்குமான அளவு வந்துவிடும். இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் கால் பங்கு, 12.5தான். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. மாறாக அரை மீட்டருக்கு நெருங்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு வெளியேறும்போது அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலூரிலிருந்து சேலம் வரை வருவது ஏன் தவறு என்று இப்போது புரியும். பக்கத்து இருக்கையில் கர்ப்பிணி உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ரயிலிலும் இதே நிலைதான்.

வாடகைக் கார் எடுங்கள். ஓட்டுநருக்குக் குறுக்கே பின் இருக்கையின் இடது மூலையில் மருந்து வாங்கியவர் உட்காரட்டும். ஓட்டுநரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சில மணி நேரப் பயணத்தில் அவருக்கு வருவது கொஞ்சம்தான். கூட வரும் நீங்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். வழியில் கழிப்பறைக்கு நிறுத்த வேண்டியிருக்கும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண நாளிலேயே வாந்தி எடுக்கிறவர்கள் உண்டு. இப்போது எடுக்கும் வாந்தியில் அயோடின் இருக்கும். அறையை விட்டுக் கிளம்பும் முன்பே வாந்தித் தடுப்பு மாத்திரையை எழுதி வாங்குங்கள். கனமான பிளாஸ்டிக் பைகள் இரண்டு, கையுறை, தண்ணீர், துண்டு ஆகியவை காரில் இருக்கட்டும். வெறும் வயிற்றிலும் நிறைந்த வயிற்றிலும் மலை ஏற வேண்டாம்.

மருத்துவமனைக்கு அருகே லாட்ஜில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தப் படுக்கை விரிப்பைத் துவைக்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. உடல் முழுவதற்குமான ஸ்கேன் மருந்து கொடுத்த சில நாட்களில் எடுக்கப்படும். அனுப்பும் முன்பே எடுப்பார்களா, மறுபடி வர வேண்டுமா என்று முதலிலேயே கேட்டால் இந்தச் சிக்கல் வராது.

8. வீட்டில்

தனியாகப் படுக்கை. இரண்டு மீட்டர் இடைவெளி. தட்டு, டம்ளர், துண்டு தனி. துணியைத் தனியாகத் துவைத்தால் போதும், எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். எத்தனை நாள் என்பதைத் தேதியாகவே எழுதி வாங்குங்கள்: பெரியவர்களுக்கு ஒரு தேதி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் அதைவிடத் தள்ளி இன்னொரு தேதி. "கொஞ்ச நாள்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே அறையும் பொதுக் கழிப்பறையும் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். கூடுதலாக இரண்டு நாள் அறையிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். அல்லது குழந்தைகளைச் சேலத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

அக்கம்பக்கத்தார் பயப்படுவார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் விண்வெளியிலிருந்து வரும் கதிர் சேலத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகம். நம் ஒவ்வொருவர் உடலிலும் பொட்டாசியம்-40 நொடிக்கு ஏறத்தாழ நான்காயிரம் முறை சிதைந்துகொண்டே இருக்கிறது. கதிர் இல்லாத இடம் என்று எதுவும் இல்லை, அளவுதான் விஷயம் என்று எடுத்துச் சொல்லுங்கள். குறித்துக் கொடுத்த தேதி முடிந்த பிறகும் அவரை ஒதுக்கி வைப்பது கொடுமை. அந்த நாள் வந்ததும் அவரைக் கூடத்துக்கு அழைத்து எல்லோரோடும் சேர்ந்து உட்கார வையுங்கள்.

9. பிறகு

கிளம்பும்போது தரும் சான்றில் மருந்தின் பெயர் அயோடின்-131, எத்தனை மில்லிகியூரி, கொடுத்த தேதி, வெளியேறியபோது ஒரு மீட்டரில் காட்டிய அளவு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். வெளிநாட்டு விமான நிலையங்களில் உள்ள கதிர் உணரும் கருவிகள் மூன்று மாதம் வரைகூட இதைக் கண்டுபிடித்துவிடும். அந்தச் சான்று பையில் இருந்தால் விளக்கம் சொல்வது எளிது. பிற்காலத்தில் இன்னொரு முறை மருந்து தேவைப்பட்டால் மொத்தம் எவ்வளவு வாங்கினார் என்று கணக்குப் பார்க்கவும் அதுவே ஆதாரம்.

தைராய்டு மாத்திரையை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனை பெரும்பாலும் சில மாதம் கழித்து வரும். அப்போது மாத்திரையை மறுபடி நிறுத்த வேண்டுமா, சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டா என்பது எடுக்கப் போகும் பரிசோதனையைப் பொறுத்தது. ஒரு மாதம் முன்பே போன் செய்து கேட்டுவிட்டு, பிறகு டிக்கெட் எடுங்கள்.